ஆறு பாதி, சோறு பாதி

வெளிநாட்டு டூர் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் புரோகிராம் பேப்பரில், ஒற்றுமையான குடும்பத்தையும் கலைத்துவிடக்கூடிய வார்த்தை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'ஆப்ஷனல்'.

மற்ற வரிகளால் வம்பே இல்லை. ஏழு மணிக்கு டிபன் என்று போட்டிருந்தால் சாப்பிடப் போகிறோம். பத்து மணிக்குக் கோயில் என்றால் கும்பிடப் போகிறோம். மூன்றாம் நாள் மாலைக்கு நேரே மட்டும், 'ஆற்றில் படகு சவாரி, இரவு விருந்து, ஆடல் பாடலுடன் - ஆப்ஷனல்' என்று போட்டு, பக்கத்தில் குட்டியாக ஒரு ஸ்டார் குறி. அந்த ஸ்டாரைத் தேடிக்கொண்டு பேப்பரின் அடிவாரத்துக்குப் போனால், அங்கே எறும்பு சைஸ் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது விலை!

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், இப்படி ஒரு ஸ்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான் என் மச்சினன்.

"மாமா, நீங்க பி.காம்.தானே? இதை புக் பண்ணலாமா, வேண்டாமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

பி.காம். படித்தவனை இந்த உலகம் இரண்டு காரியங்களுக்குத்தான் தேடும். ஒன்று, ஜூலை மாதம் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் நிரப்ப. இரண்டு, ஏற்கெனவே மனசுக்குள் முடிவு செய்துவிட்ட செலவுக்கு ஒரு நியாயம் கற்பிக்க.

கேஸ் விவரம் இதுதான். ஊர்: பாங்காக். போகிறவர்கள்: நாலு பேர். மச்சினன், அவனுடைய ஆபீஸ் தோஸ்துகள் இரண்டு பேர். நாலாவது ஆசாமி, என் மாமியார்.

"பாங்காக்னு லீவ் லெட்டர் குடுத்ததும் செக்ஷனே கண்ணடிச்சுது மாமா. மானேஜர்கூட ஒரு மாதிரி சிரிச்சார். 'அம்மாவோட போறேன் சார்'னு சொன்னேன். அடுத்த நிமிஷமே லீவ் சாங்ஷன். மூஞ்சில அப்படி ஒரு அனுதாபம்!"

தோஸ்துகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கல்யாணம் ஆகாத பையன்கள் பாங்காக்குக்கு நண்பனின் அம்மாவோடு போவது என்பது, சஷ்டி விரதத்தன்று மிலிட்டரி ஹோட்டலுக்குப் போவது மாதிரி. ஆனாலும் தங்கமான பிள்ளைகள். அத்தை கையால் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அவர்களுக்கு. "அம்மா வரட்டும்டா" என்று முதலில் சொன்னதே அவர்கள்தானாம்.

நிற்க. எனக்கு அந்த ஆறு கொஞ்சம் பழக்கம். இரண்டு தடவை போயிருக்கிறேன். பெயர் சாவ் ப்ரயா. வடக்கே நகோன் சவான் என்ற ஊரில் இரண்டு ஆறுகள் கூடி இதுவாகிறது. ஒன்றின் பெயர் பிங். இன்னொன்றின் பெயர் 'நான்'. (நிஜமாகவே நான்தான்!) அங்கிருந்து 372 கிலோமீட்டர் ஓடி, பாங்காக் நகரத்தைப் பாதியாக வகிர்ந்துகொண்டு கடலுக்குப் போகிறது. நம் காவிரி சுமார் 800 கிலோமீட்டர். நீளத்தில் நம்முடையதில் பாதிகூட இல்லை. ஆனால் வருஷம் முழுக்கத் தளும்பத் தளும்பத் தண்ணீர். கடல் பக்கத்திலேயே இருப்பதால் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் பாங்காக்கிலேயே தெரியும்.

இந்த ஆற்றில்தான் தினமும் சாயங்காலம் ஆனால் சீரியல் லைட் போட்ட கல்யாண மண்டபங்கள் மாதிரி படகுகள் வரிசை கட்டுகின்றன. பெரும்பாலும் ஏழு, ஏழரை, எட்டு மணிக்குக் கிளம்பும். சுமார் இரண்டு மணி நேரம். 2012-ல் திறந்த ஏஷியாட்டிக், 2018-ல் திறந்த ஐகான்சியாம், பழைய ரிவர் சிட்டி என்று ஏறும் துறைகள் பல. எதில் ஏறினாலும் பார்க்கிற காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். அரண்மனை, வாட் அருண் கோயில், கடைசியில் எட்டாம் ராமர் பாலம். அங்கே திரும்பி, வந்த வழியே வீடு.

ராமர் பெயரில் பாலம் என்றதும் அணில் ஞாபகம் வரும். அவசரப்படாதீர்கள். தாய்லாந்தின் இப்போதைய ராஜ வம்சத்தில் ஒவ்வொரு ராஜாவுக்கும் ராமர் என்று பட்டம். எட்டாவது ராமர் பெயரில் 2002-ல் திறந்த பாலம் இது. ஒரே ஒரு தூண். அதிலிருந்து வீணைத் தந்தி மாதிரி மஞ்சள் கம்பிகள். ராத்திரி வெளிச்சத்தில் பார்த்தால் வாயைப் பிளக்கத்தான் வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

மச்சினன் கொண்டுவந்த பேப்பரில் தலைக்கு 1,200 பாட். நாலு பேருக்கு 4,800 பாட். ஒரு பாட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். செலவைக் கொஞ்சம் கூட்டியே எழுது, வரவைக் குறைத்தே எழுது என்பது காமர்ஸ்காரனின் வேதம். ஆக 14,400 ரூபாய். தலைக்கு 3,600.

"ஏண்டா, உங்கம்மா ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாங்க?"

"ரெண்டு இட்லி மாமா."

"அப்ப ஒரு இட்லி 1,800 ரூபாய்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து என் மனைவி காபியைக் கொஞ்சம் சீக்கிரமே கொண்டுவந்தாள்.

இந்த மாதிரி டிக்கெட் எதுவானாலும் அதைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். நீங்கள் கொடுப்பது ஒரே ரேட். ஆனால் வாங்குவது மூன்று சாமான். ஆறு, சோறு, ஆட்டம். மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். தனித்தனியாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டுப் பார்த்தால்தான் பொட்டலத்தின் விலை நியாயமா என்று தெரியும்.

முதலில் சோறு. பெரிய படகுகளில் பெரும்பாலும் பஃபே. ஒரு பக்கம் தாய்லாந்து சமையல், ஒரு பக்கம் இறால், மீன், சுஷி, இன்னொரு பக்கம் பழமும் கேக்கும். இந்தியர்கள் அதிகம் வருகிற படகுகளில் நான், பனீர், தால் எல்லாம் உண்டு. பையன்கள் மூன்று பேரும் நாலு ரவுண்டு வந்தால் படகுக்காரருக்கு நஷ்டம் கொடுக்க முடியாவிட்டாலும், கொஞ்சம் பயமாவது காட்டலாம். அத்தை சுத்த சைவம். தாய்லாந்தில் 'வெஜிடபிள் கறி' என்று போட்டிருப்பதில் காய் மட்டும்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மீன் சாறும் இறால் விழுதும் அவர்களுக்கு நமக்குப் பெருங்காயம் மாதிரி. அது இல்லாமல் கை ஓடாது. 'ஜே' என்று சொல்லிக் கேட்டால் பிரச்னை இல்லை. மாமிசம், மீன் சாறு, முட்டை, ஏன், வெங்காயம் பூண்டுகூட இல்லாத சாப்பாடு அது. ஆனால் படகில் ஏறிய பிறகு கேட்டுப் புண்ணியமில்லை. புக் செய்யும்போதே சொல்ல வேண்டும்.

அடுத்து ஆட்டம். ஒரு பாடகி, ஒரு கீபோர்டு, சில படகுகளில் சாக்ஸபோன். நடுவே பத்து நிமிஷம் தாய்லாந்து நடனம். அவர்கள் ராமாயணத்துக்கு ராமகியன் என்று பெயர். அதிலிருந்து அனுமார் வேஷம் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஹிந்திப் பாட்டும் டி.ஜே.யும் வைத்து இந்தியர்களுக்காகவே ஓடுகிற படகுகளும் உண்டு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய், போன முகூர்த்தத்தில் வடபழனி மண்டபத்தில் கேட்ட அதே பாட்டுக்கு ஆடிவிட்டு வருவது ஒரு தனி ருசி. கிண்டல் இல்லை சார். ஆபீஸில் வருஷம் பூரா குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தவன், தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில் இரண்டு மணி நேரம் கையைத் தூக்கி ஆடுவது நல்ல விஷயம்தான். 1,200 பாட் அதற்கே தகும்.

மூன்றாவதாக ஆறு. இங்கேதான் பேப்பரில் போடாத சமாச்சாரம் ஒன்று இருக்கிறது.

பாங்காக்கில் வருஷத்தில் எந்த நாளிலும் ஏழு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். தை மாதத்தில் ஆறு, ஆறேகாலுக்கே. ஏழரை மணிப் படகில் நீங்கள் பார்ப்பது ஆறு அல்ல, ஆற்றங்கரை லைட். அதுவும் கீழ்த்தளத்து ஏ.சி. ஹாலில் சீட் கொடுத்துவிட்டார்கள் என்றால் தீர்ந்தது. ராத்திரி ரயிலில் ஏ.சி. கோச் ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருக்கிறீர்களா? என்ன தெரியும்? உங்கள் மூஞ்சிதான் தெரியும். அதே கண்ணாடி, அதே கதை. 3,600 ரூபாய் கொடுத்து இரண்டு மணி நேரம் நம் மூஞ்சியை நாமே பார்ப்பதற்கு வீட்டுக் கண்ணாடியே போதும்.

ஆற்றை ஆறாகப் பார்க்க வேறு வழி இருக்கிறது. சாவ் ப்ரயா எக்ஸ்பிரஸ் படகு. 1971-லிருந்து ஓடுகிறது. நம் டவுன் பஸ் மாதிரி. ஆபீஸ் போகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், காவி உடுத்திய பிக்குகள் எல்லோரும் அதில்தான். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே டிக்கெட். 20 பாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் போய் வர 160. வாட் அருணுக்கு அக்கரை தாண்டும் பரிசல் மாதிரி ஒரு குட்டி ஃபெர்ரிக்கு 10 பாட் என்றால் 80. மொத்தம் 240 பாட். அதாவது 720 ரூபாய்.

"பார்த்தியா மச்சான்? 14,400 எங்கே, 720 எங்கே? ஆத்தை 720-க்கு வாங்கு. சோத்தைக் கரையில வாங்கு. ஆட்டத்தை ரூம் டி.வி.யில பாரு. மிச்சம் 12,000 ரூபாய்!" என்று பேனாவை மூடினேன். கேஸ் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. காபி டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"அதில்ல மாமா... அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"'அந்த ஊர் ஆத்துல தண்ணி ஓடுதாப்பா?'ன்னாங்க."

அத்தை பிறந்தது குளித்தலை. எதிர்க்கரை முசிறி. சின்ன வயசில் காவிரியில் பரிசலில் போய் வந்தவர். கரை தொட்டு ஓடிய தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர். அதே இடத்தில் பாதி வருஷம் மணலையும் பார்த்து, ஆடிப் பதினெட்டுக்குக் குழாய்த் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்ட வருஷங்களையும் பார்த்தவர். அவருக்குப் பாங்காக்கில் ஷாப்பிங் வேண்டாம், சஃபாரி வேண்டாம். ஓடுகிற தண்ணீர் போதும்.

"அதுக்குத்தான் ஆரஞ்சுக் கொடிப் படகு சொன்னேனே" என்றேன்.

"அது மட்டும் இல்ல மாமா." இந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. "அம்மா உக்காந்து, வேற யாராவது பரிமாறி, நான் பார்த்ததே இல்ல. நம்ம வீட்டு விசேஷத்துலகூட கடைசிப் பந்தி. இல்லேன்னா அடுப்படியில நின்னுக்கிட்டே. அப்பா இருந்தவரைக்கும் அப்படி, அப்புறம் எனக்காக அப்படி. ஒரு நாள்... ஒரே ஒரு நாள் அம்மாவை உக்கார வச்சு, யாராவது பரிமாறணும். அதுக்குத்தான் மூணு வருஷ போனஸ்ல கை வைக்காம இருந்தேன்."

என் மனைவி உள்ளே போய்விட்டாள். எனக்கும் கணக்குப் புத்தகத்தில் ஏதோ தேடுகிற வேலை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். "மச்சான், அப்படீன்னா இந்தப் படகு வேண்டவே வேண்டாம்."

"ஏன் மாமா?"

"இது பஃபேடா!"

பஃபே என்றால் என்ன? தட்டை நாமே எடுத்து, க்யூவில் நின்று, நாமே போட்டுக்கொண்டு, ஆடுகிற படகில் பேலன்ஸ் பண்ணி நடந்து வருவது. அத்தையின் சுபாவம் எனக்குத் தெரியும். பையன்கள் தட்டில் எது குறைகிறது என்று பார்த்து, "நீங்க உக்காருங்கப்பா, நான் கொண்டாறேன்" என்று மூட்டு வலியோடு எட்டு தடவை நடப்பார். குளித்தலையில் செய்ததைப் பாங்காக்கில் போய், பணம் கட்டிச் செய்தது மாதிரி ஆகிவிடும்.

அந்த ஆற்றிலேயே வேறு ஜாதிப் படகு ஒன்று இருக்கிறது. பழைய நெல் படகுகள். வயிறு பெருத்த, தேக்கு மரப் படகு. ஒரு காலத்தில் நெல் ஏற்றி வந்தவை. அவற்றைச் சீர்செய்து, சில டஜன் பேர் மட்டும் உட்காரும்படி மேஜை போட்டிருக்கிறார்கள். பஃபே கிடையாது. உட்கார்ந்த இடத்துக்கு ஒவ்வொரு ஐட்டமாகக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். சைவம் என்று முன்கூட்டிச் சொன்னால் தனியாகச் செய்து தருகிற படகுகளும் உண்டு. டி.ஜே. இல்லை. மெல்லிசாக ஒரு வாத்தியம், அவ்வளவுதான். பக்கவாட்டில் கண்ணாடியும் இல்லை. காற்றும் தண்ணீரும் நேரே முகத்துக்கு வரும். விலை? அவன் விசாரித்ததில் தலைக்கு 2,400 பாட். சரியாக இரண்டு மடங்கு.

"நாலு பேருக்கு 9,600 ஆகுமே மாமா!"

"நாலு பேர் எதுக்கு? உன் தோஸ்துங்களைக் கேளு. அந்தப் பசங்களுக்கு மெல்லிசை வேணுமா, டி.ஜே. வேணுமா?"

அங்கேயே போன் போட்டான். எதிர்முனையில் ஒரு விநாடி மௌனம். பிறகு, மரியாதைக்காக அடக்கிக்கொண்ட ஒரு சந்தோஷக் கூச்சல். அம்மா கூட வருவதில் அவர்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அம்மா எதிரில் டான்ஸ் ஆடுவதில்தான் சிக்கல் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் பெரிய படகில், அவரவர் காசில். அம்மாவும் பிள்ளையும் நெல் படகில். 2,400 இன்ட்டு இரண்டு, 4,800 பாட். அதே 14,400 ரூபாய்!

ஆக, முதலில் அதிகம் என்று நான் அடித்துப் போட்ட அதே தொகைக்கு, நானே பச்சை இங்க்கில் டிக் போட்டேன். தொகை மாறவில்லை. வாங்குகிற சாமான் மாறிவிட்டது. இதை எங்கள் காலேஜில் எந்தப் பேப்பரிலும் சொல்லித் தரவில்லை.

போய் வந்தார்கள். மச்சினன் ரிப்போர்ட் இது.

மதியம் மூன்று மணிக்கு வெயில் தணிந்ததும் சஃபான் தக்சின் ஸ்டேஷனில் இறங்கி, கீழேயே இருக்கிற படித்துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு. அந்தத் துறைகள் எல்லாம் மிதக்கிற மேடைகள். தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். படகு வந்து இடித்து நிற்பது ஒரு நிமிஷம்கூட இல்லை. படகுக்காரர் விசில் அடிக்கிற அடியில் தாண்டி ஏற வேண்டும். தோஸ்துகள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அத்தையைப் பல்லக்கு மாதிரி ஏற்றினார்களாம். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து வந்ததைப் பார்த்து, "நம்ம ஊர் குளத்துச் சனியன் இங்கேயும் வந்துடுச்சா!" என்றாராம். ஒரு குட்டி இழுவைப் படகு, மலை மாதிரி நாலைந்து சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப் போனதைப் பார்த்து, "பாவம், வீட்டுக்கு மூத்த புள்ள போலிருக்கு" என்றாராம்.

ஆற்றங்கரைப் பூ மார்க்கெட்டில் இறங்கி ஒரு மல்லிகைச் சரம் வாங்கியிருக்கிறார். தலைக்கு இல்லை. மிதக்கும் மேடையில் மெதுவாக உட்கார்ந்து தண்ணீரில் விட்டாராம். "எந்த ஊர் ஆறா இருந்தா என்ன? ஓடுதுல்ல" என்று மட்டும் சொன்னாராம்.

வாட் அருண் கோபுரத்தில் பதித்திருப்பது உடைந்த சீனப் பீங்கான் துண்டுகள். சீனாவிலிருந்து வந்த கப்பல்களில் பாரத்துக்காகப் போட்டு வந்த பீங்கான். அருண் என்பது நம் அருணன்தான். அத்தைக்குப் பீங்கான்தான் பிடித்திருக்கிறது. "உடைஞ்ச தட்டைத் தூக்கிப் போடாம வச்சிருக்காங்க பாரு" என்று மூன்று தடவை சொன்னாராம். கையில் தட்டை உடைத்த பழைய குற்றவாளியான என் மச்சினன் பேச்சை மாற்றிவிட்டான்.

ராத்திரி நெல் படகு. ஒரு பெண் வந்து கை கூப்பி, சாதம் வைத்து, காய் வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். அத்தை முதலில் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். பழக்க தோஷம். "உக்காரும்மா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தானாம். இரண்டு மணி நேரத்தில் நாலு தடவை பிடிக்க வேண்டியிருந்ததாம். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

எட்டாம் ராமர் பாலம் பக்கம் திரும்பும்போது, எதிரே ஊரே அதிர ஒரு பெரிய படகு. மேல் தளத்தில் நூறு பேர் ஆட்டம். நடுவில் இரண்டு கைகள் மட்டும் ரொம்ப உயரத்தில். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "டேய், அது நம்ம புள்ளைங்க இல்ல?" என்று கை ஆட்டினாராம். அந்த இரண்டு கைகளும் சட்டென்று இறங்கிப் பின்னால் கட்டிக்கொண்டனவாம்!

நீங்களும் அடுத்த போனஸில் போவதாக இருந்தால், ஸ்டாருக்குக் கீழே இருப்பதைப் படிக்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். எந்தத் துறையில் ஏற வேண்டும்? ஒரே கம்பெனிக்கு இரண்டு துறை இருக்கும்; சாயங்கால டிராஃபிக்கில் தப்பான துறைக்குப் போய்ச் சேர்ந்தால் படகின் பின்பக்கத்தைத்தான் பார்க்கலாம். திறந்த மேல் தளமா, கண்ணாடிக் கீழ்த்தளமா? மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மேல் தளத்துக்குக் கூரை உண்டா? குளிர்பானம், பீர், ஓரத்து மேஜை எல்லாம் அந்த ரேட்டில் சேர்த்தியா, தனியா? கேன்சல் செய்தால் பணம் திரும்பி வருமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கட்டிய பணம் திரும்பாது என்றால், தலைவலி வந்தாலும் மழை வந்தாலும் "காசு குடுத்தாச்சே" என்று போய் உட்காருவோம். அந்தச் சாயங்காலம் நம்முடையதாக இருக்காது, ரசீதினுடையதாக இருக்கும். யோசிப்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே யோசித்துவிடுங்கள். யாரோடு போகிறோம், அவர்களுக்கு ஆறு வேண்டுமா, சோறு வேண்டுமா, ஆட்டம் வேண்டுமா என்று. பிரம்மச்சாரிகள் நாலு பேர் என்றால் பெரிய படகு. கையில் காசு இல்லை என்றால் ஆரஞ்சுக் கொடி. வெட்கப்பட வேண்டாம், ஆறு ஒன்றுதான். ஆயுசு முழுக்கப் பரிமாறியவர் யாராவது கூட வந்தால், தயவுசெய்து பஃபே வேண்டாம்.

ஒரு சின்ன விண்ணப்பம். நெல் படகு விலை என்னவென்று அத்தைக்குத் தெரியாது. "டூர்லயே சேர்த்திம்மா, ஃப்ரீ" என்று சொல்லி வைத்திருக்கிறான் பிள்ளை. அத்தையும் தெரு முழுக்க, "அந்த ஊர்ல ஆத்துல படகு விட்டு, உக்கார வச்சு, சும்மாவே சோறு போடறாங்க. அதான் அவங்க ஆத்துல தண்ணி ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அத்தை இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவர். குளித்தலைப் பக்கம் இருக்கும் ஏஜென்ட் சார், இந்த ஒரு வாரம் மட்டும் அவர் வீட்டுக்கு இதழ் போடாமல் இருந்தால் உங்களுக்குப் புண்ணியம்!